மேலாளர் தொடர்பாடல்

மேலாளர் தொடர்பாடல் என்பது ஒரு பணியிடத்தில் மேலாளர் ஒருவர் தம் கீழ்ப் பணிபுரிவோருடனும், தமக்கு மேல்நிலையில் உள்ளோருடனும், தம்மையொத்த நிலையில் உள்ளோருடனும் தகவல், பணிப்பு, ஐயம், மதிப்பீடு, எச்சரிக்கை ஆகியவற்றைப் பரிமாறிக்கொள்ளும் செயற்பாடு ஆகும். இலங்கை வழக்கில் இது முகாமைத்துவத் தொடர்பாடல் எனப்படும். மேலாண்மையியல், நிறுவன உளவியல், தொடர்பாடல் இயல் ஆகிய மூன்று துறைகளும் இதனை ஆய்கின்றன.

பொதுவாகத் தொடர்பாடல் திறன் என்றதும் நன்றாகப் பேசும் திறனே நினைவுக்கு வருகிறது. ஆனால் இத்துறையின் ஆய்வுகளும், பெரும் விபத்துகளைப் பற்றிய விசாரணை அறிக்கைகளும் வேறொரு சிக்கலையே திரும்பத் திரும்பச் சுட்டுகின்றன. மேலாளர் சொல்வது கீழே சென்று சேர்வதைவிட, கீழே உள்ளோர் அறிந்திருப்பது மேலாளரை வந்து சேர்வதே கடினமானது. குறிப்பாக, கெட்ட செய்திகள் படிநிலையில் மேலே செல்லச் செல்ல மென்மையாகின்றன, தாமதமாகின்றன அல்லது முற்றிலும் நின்றுவிடுகின்றன. ஆகவே மேலாளரின் அன்றாடத் தலைமைத்துவத்தில் கேட்பதும், பிறர் தயங்காமல் சொல்வதற்கு வழிசெய்வதும் முதன்மை இடம் பெறுகின்றன.

தொடர்பாடலின் திசைகள்

நிறுவனத்துக்குள் தகவல் செல்லும் திசையைக் கொண்டு தொடர்பாடல் மூன்றாக வகைப்படுத்தப்படுகிறது.

* கீழ்நோக்கிய தொடர்பாடல்: பணிப்புகள், இலக்குகள், கொள்கை மாற்றங்கள், மதிப்பீடுகள் முதலியன. இதில் முதன்மையான இடர் தெளிவின்மை. ஒவ்வொரு படிநிலையிலும் செய்தி சுருங்குகிறது அல்லது அதற்குப் புதிய பொருள் ஏற்றப்படுகிறது.
* மேல்நோக்கிய தொடர்பாடல்: பணி முன்னேற்றம், குறைகள், பிழைகள், யோசனைகள், எச்சரிக்கைகள் முதலியன. இதில் முதன்மையான இடர் மௌனம்.
* கிடைமட்டத் தொடர்பாடல்: ஒத்த நிலையில் உள்ள பிரிவுகளுக்கிடையே நிகழ்வது. எடுத்துக்காட்டாக, உற்பத்திப் பிரிவும் கொள்முதல் பிரிவும் நேரடியாகப் பேசிக்கொள்வது. இதில் முதன்மையான இடர் யார் பொறுப்பு என்பதில் ஏற்படும் குழப்பம்.

இவை தவிர, அலுவலக வழிகளுக்கு வெளியே தேநீர்க் கடையிலும் கைபேசிக் குழுக்களிலும் பரவும் முறைசாராத் தொடர்பாடலும் உண்டு. அலுவலக வழிகளில் செய்தி கிடைக்காதபோது வதந்தி அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது.

வரலாறு

ஆட்சியாளர் தமக்குக் கசப்பானவற்றையும் கேட்க வேண்டும் என்ற கருத்து பழைய அரசியல் நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. திருக்குறளின் பொருட்பாலில் இறைமாட்சி, பெரியாரைத் துணைக்கோடல் ஆகிய அதிகாரங்கள், காதுக்கு இனிமையற்ற சொல்லையும் பொறுத்துக் கேட்கும் பண்பையும், தவறு கண்டபோது இடித்துரைப்போரை உடன் வைத்திருக்க வேண்டிய தேவையையும் பேசுகின்றன.

தொழில் நிறுவனங்களை மையமாகக் கொண்ட சிந்தனை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. பிரான்சு நாட்டுச் சுரங்கப் பொறியாளரும் நிறுவனத் தலைவருமான என்றி ஃபயோல் 1916 இல் வெளியிட்ட நூலில் மேலாண்மையின் 14 கொள்கைகளை முன்வைத்தார். அவற்றுள் ஒன்று, கட்டளையும் தகவலும் ஒரு சங்கிலிபோல் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்பது. ஆயினும் அவசர வேளைகளில் இச்சங்கிலி காலத்தை வீணாக்கும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். எனவே, மேலதிகாரிகளின் இசைவுடன் இரு பிரிவினர் நேரடியாகப் பேசிக்கொள்வதற்குப் 'பாலம்' என்ற ஏற்பாட்டையும் பரிந்துரைத்தார்.

1924 முதல் 1932 வரை அமெரிக்காவின் சிக்காகோ நகருக்கு அருகே வெசுட்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தோர்ன் தொழிற்சாலையில் நடைபெற்ற ஆய்வுகள் பரவலாக அறியப்பட்டவை. ஒளியின் அளவு உற்பத்தியை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறியவே ஆய்வு தொடங்கப்பட்டது. பின்னர் எல்ட்டன் மேயோ முதலானோர் இதில் இணைந்தனர். இவ்வாய்வின் ஒரு பகுதியாக 1928 முதல் 1930 வரை 21,000 க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நேர்காணப்பட்டனர். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் ஆயத்தக் கேள்விகளைக் கேட்டனர். தொழிலாளர்கள் தமக்கு முதன்மையாகப்பட்ட வேறு செய்திகளையே பேச விரும்பியதால், அவர்களைத் தடையின்றிப் பேசவிட்டுக் கேட்கும் முறைக்கு ஆய்வாளர்கள் மாறினர். பணியிடத்தில் செவிமடுத்தல் ஒரு முறையான நுட்பமாகக் கருதப்படுவதற்கு இது ஒரு தொடக்கமாக அமைந்தது. ஒளி ஆய்வைப் பற்றிப் பாடநூல்களில் சொல்லப்படும் முடிவுகள் பிற்காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. 2011 இல் வெளியான ஒரு மறுபகுப்பாய்வு, மூலத் தரவுகள் அம்முடிவுகளைப் போதிய அளவில் ஆதரிக்கவில்லை எனக் காட்டியது.

நியூ செர்சி பெல் தொலைபேசி நிறுவனத்தின் தலைவராக இருந்த செசுட்டர் பார்னார்ட் 1938 இல் வெளியிட்ட நூலில், தொடர்பாடல் அமைப்பொன்றை உருவாக்கிப் பேணுவதே நிருவாகியின் முதற்பணி என்றார். அதிகாரம் மேலிருப்பவரின் பதவியில் மட்டும் இல்லை, கீழிருப்பவர் அதை ஏற்பதில் உள்ளது என்பது அவரது கோட்பாடு. ஒருவர் ஒரு பணிப்பை ஏற்பதற்கு நான்கு நிபந்தனைகளை அவர் குறிப்பிட்டார்: அது அவருக்குப் புரிய வேண்டும், நிறுவனத்தின் நோக்கத்தோடு பொருந்துவதாக அவர் கருத வேண்டும், அவரது தனிப்பட்ட நலனோடு ஒத்துப்போக வேண்டும், அதைச் செய்யும் உடல், மன ஆற்றல் அவருக்கு இருக்க வேண்டும்.

1957 இல் கார்ல் ரோசர்சும் ரிச்சர்டு ஃபார்சனும் ஈடுபாட்டுடன் செவிமடுத்தல் பற்றிய சிறுநூலை எழுதினர். 1960 இல் டக்ளசு மெக்கிரெகர், தொழிலாளரைச் சோம்பேறிகளாகக் கருதும் மேலாளர் கண்காணிப்பையே நாடுவார், பொறுப்புணர்வு உள்ளவர்களாகக் கருதும் மேலாளர் உரையாடலை நாடுவார் என்ற பொருள்படத் தம் எக்சு, வை கோட்பாடுகளை விளக்கினார்.

கெட்ட செய்தி மேலே செல்லாமை

1970 இல் சிட்னி ரோசன், ஆபிரகாம் டெசர் ஆகிய உளவியலாளர்கள், மக்கள் நல்ல செய்தியைச் சொல்வதைக் காட்டிலும் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடுதலாகத் தயங்குகின்றனர் என்பதை ஆய்வுகள் மூலம் காட்டினர். செய்திக்குத் தாம் காரணமாக இல்லாதபோதும் இத்தயக்கம் காணப்பட்டது. சொல்பவரின் வேலையும் ஊதிய உயர்வும் கேட்பவரின் கையில் இருக்கும் பணியிடத்தில் இத்தயக்கம் மேலும் வலுப்பெறுகிறது. 2000 ஆம் ஆண்டில் எலிசபெத் மாரிசன், பிரான்சிசு மில்லிகன் ஆகியோர் இந்நிலை ஒரு நிறுவனம் முழுவதும் பரவுவதை 'நிறுவன மௌனம்' என்று பெயரிட்டு ஆய்ந்தனர். சொல்வது ஆபத்து, சொன்னாலும் பயனில்லை என்ற இரு நம்பிக்கைகளே மௌனத்திற்கு அடிப்படை என்பது அவர்கள் கருத்து.

பின்வரும் மூன்று நிகழ்வுகள் மேலாண்மைப் பாடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன.

தெனெரீஃப் வானூர்தி விபத்து (1977)

1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளில் உள்ள தெனெரீஃப் வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையில், கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரு போயிங் 747 வானூர்திகள் பனிமூட்டத்தில் மோதிக்கொண்டதில் 583 பேர் உயிரிழந்தனர். கேஎல்எம் வானூர்தியின் தலைமை வானோடி மேலெழும் அனுமதி கிடைக்காமலேயே புறப்பட்டார். பான் ஆம் வானூர்தி ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று வானூர்திப் பொறியாளர் கேட்டார். மூத்தவரும் நிறுவனத்தில் பெருமதிப்புப் பெற்றவருமான தலைமை வானோடி, விலகிவிட்டது என்று உறுதியாக விடையளித்தார். அதன்பின் எவரும் மறுத்துப் பேசவில்லை. சில நொடிகளில் விபத்து நிகழ்ந்தது.

பனிமூட்டம், ஒரே நேரத்தில் இருவர் பேசியதால் வானொலியில் ஏற்பட்ட இரைச்சல், நெரிசலான நிலையம் எனப் பல காரணங்கள் இதில் இருந்தன. ஆயினும் இளநிலையில் உள்ளவரின் ஐயம் முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பது கவனத்தை ஈர்த்தது. இவ்விபத்தும், 1978 இல் போர்ட்லண்டு அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த யுனைட்டட் வானூர்தியின் விபத்தும் 'குழு வள மேலாண்மை' என்ற பயிற்சி முறை உருவாகக் காரணமாயின. 1979 இல் நாசா இதற்கான பயிலரங்கை நடத்தியது. 1981 இல் யுனைட்டட் நிறுவனம் இப்பயிற்சியைத் தொடங்கியது. ஐயத்தைத் தெளிவாகவும் மரியாதையாகவும் சொல்லத் துணை வானோடிகளுக்கும், அதைக் கேட்கத் தலைமை வானோடிகளுக்கும் இதில் பயிற்சி அளிக்கப்படுகிறது.

சேலஞ்சர் விண்ணோட விபத்து (1986)

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73 நொடிகளில் சிதைந்து, அதில் இருந்த 7 பேரும் உயிரிழந்தனர். குளிரில் உந்துகணையின் இணைப்பில் இருந்த இரப்பர் வளையம் சரியாக மூடாததே இதற்குக் காரணம். முந்தைய நாள் இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், உந்துகணையைத் தயாரித்த மார்ட்டன் தயக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், வெப்பநிலை சுமார் 12 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தனர். நாசா அதிகாரிகள் இதனைக் கடுமையாகக் கேள்விக்குட்படுத்தினர். அதன்பின் நிறுவன மேலாளர்கள் தமக்குள் கலந்து பேசி, பொறியாளர்களின் எதிர்ப்பை மீறிப் பரிந்துரையை மாற்றிக்கொண்டனர். பொறியாளர்களின் முதல் பரிந்துரை, ஏவுதலுக்கு இறுதி ஒப்புதல் அளித்த நாசாவின் மேல்மட்டத்தினரைச் சென்றடையவே இல்லை என்று விசாரணை ஆணையம் கண்டறிந்தது.

கொலம்பியா விண்ணோட விபத்து (2003)

2003 சனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு அதன் இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தை அறிய விண்வெளியில் வைத்தே படம் எடுக்க வேண்டும் என்று பொறியாளர்கள் முயன்றனர். அவ்வேண்டுகோள்கள் முறையான வழியில் வரவில்லை என்பது போன்ற காரணங்களால் நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று தரைக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதைந்து, கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தனர். நுரைத்துண்டைப் போலவே நிறுவனத்தின் பண்பாடும் விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு எழுதியது. சேலஞ்சர் விபத்து நிகழ்ந்து 17 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே அமைப்பில் அதே வகைத் தடை நீடித்தது இங்கு குறிப்பிடத்தக்கது.

உளப் பாதுகாப்பு

ஒரு குழுவில் ஐயம் கேட்டாலோ, பிழையை ஒப்புக்கொண்டாலோ, மாற்றுக் கருத்துக் கூறினாலோ தமக்கு இழிவோ தண்டனையோ நேராது என்று உறுப்பினர்கள் நம்பும் நிலை 'உளப் பாதுகாப்பு' எனப்படுகிறது. ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மன்சன் இக்கருத்தைப் பரவலாக்கினார். மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நிகழும் பிழைகளை அவர் ஆய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் கொண்ட பிரிவுகளில் பதிவான பிழைகள் கூடுதலாக இருந்தன. அப்பிரிவினர் உண்மையில் கூடுதலாகப் பிழை செய்தனர் என்பதைவிட, பிழைகளை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. 1999 இல் ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களைக் கொண்டு அவர் வெளியிட்ட ஆய்வில், உளப் பாதுகாப்பு குழுவின் கற்றலோடு தொடர்புடையது எனக் காட்டினார்.

ஆகவே, ஒரு பிரிவிலிருந்து குறைகளே வருவதில்லை என்பது அங்கு குறைகள் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. அங்குள்ளோர் பேசுவதில்லை என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

உளப் பாதுகாப்பு என்பது கண்டிப்பின்மை அன்று. பணியின் தரத்தில் உறுதியாக இருந்துகொண்டே, உண்மையைச் சொல்வதற்கு விலை இல்லாமல் செய்வதே இதன் பொருள்.

அன்றாட நடைமுறைகள்

பணி ஒப்படைத்தல்

ஒரு பணியை ஒப்படைக்கும்போது பின்வருவன தெளிவாக இருத்தல் வேண்டும்.

* என்ன செய்ய வேண்டும், அது முடிந்தது என்பதை எதைக் கொண்டு அறிவது
* எதற்காகச் செய்ய வேண்டும்
* எப்போது முடிய வேண்டும்
* எந்த முடிவுகளைப் பணியாளரே எடுக்கலாம், எவற்றைக் கேட்டு எடுக்க வேண்டும்
* இடர் ஏற்பட்டால் யாரிடம், எந்தக் கட்டத்தில் சொல்ல வேண்டும்

எடுத்துக்காட்டாக, "கிடங்குக் கணக்கைச் சீக்கிரம் சரிபாருங்கள்" என்பது பலவாறு பொருள்கொள்ளத்தக்கது. "வியாழக்கிழமை தணிக்கையாளர் வருகிறார். அதற்காக நூல் இருப்பை மட்டும் புதன் மாலை 4 மணிக்குள் எண்ணிப் பதிவேட்டுடன் ஒப்பிடுங்கள். 10 மூட்டைக்கு மேல் வேறுபாடு இருந்தால் காத்திருக்காமல் உடனே எனக்குச் சொல்லுங்கள்" என்பதில் நோக்கம், அளவு, காலம், எல்லை ஆகிய நான்கும் உள்ளன. நோக்கம் தெரிந்த பணியாளர், சூழல் மாறும்போது தாமாகவே தக்க முடிவெடுக்க இயலும்.

"புரிந்ததா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "புரிந்தது" என்பதே விடையாக வரும். இதனால் உண்மையில் என்ன புரிந்தது என்பதை அறிய முடியாது. வானூர்திப் போக்குவரத்தில் கட்டுப்பாட்டாளரின் பணிப்பை வானோடி திருப்பிச் சொல்வது கட்டாயம். பணியிடத்தில், "முதலில் எதைத் தொடங்கப் போகிறீர்கள்?", "இதில் எது கடினமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" போன்ற கேள்விகள் இதே பயனைத் தருகின்றன.

செவிமடுத்தல்

செவிமடுத்தல் என்பது பேசாமல் இருப்பது மட்டுமன்று. இடைமறிக்காமை, கேட்டதைத் தம் சொற்களில் சுருக்கிச் சொல்லிச் சரிபார்த்தல், தீர்வு கூறுவதற்கு முன் கேள்வி கேட்டல், கைபேசியையும் கணினியையும் விலக்கிவைத்தல் ஆகியன இதன் கூறுகள். கேட்டபின் என்ன நடந்தது என்பதைத் திரும்பச் சொல்வது இவற்றுள் அடிக்கடி விடுபடும் கூறு ஆகும். கோரிக்கையை ஏற்க முடியாவிட்டாலும், ஏன் முடியவில்லை என்ற விடை கிடைத்தால் பணியாளர் அடுத்த முறையும் பேச முன்வருவார். விடையே கிடைக்காதபோது, சொல்லிப் பயனில்லை என்ற நம்பிக்கை வேரூன்றுகிறது.

தனிச் சந்திப்பு

மேலாளர் தம் குழுவினர் ஒவ்வொருவரையும் குறிப்பிட்ட இடைவெளியில் தனியாகச் சந்திப்பது பல நிறுவனங்களில் வழக்கம். இன்டெல் நிறுவனத்தை வழிநடத்திய ஆண்ட்ரூ குரோவ் 1983 இல் வெளியிட்ட மேலாண்மை நூலில் இதனை வலியுறுத்தினார். இச்சந்திப்பு பணியாளருடையது, அதன் நிகழ்ச்சிநிரலை அவரே வகுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பணி நிலவரத்தை மட்டும் ஒப்பித்தால் இச்சந்திப்பின் பயன் குறைகிறது. கூட்டத்தில் சொல்லத் தயங்கும் செய்திகளுக்கு இடமளிப்பதே இதன் சிறப்பு.

மேலாளரே பணி நடக்கும் இடத்துக்குச் சென்று பார்ப்பதும் பேசுவதும் மற்றொரு வழி. இயூலெட்-பேக்கார்டு நிறுவனத்தில் இருந்த இவ்வழக்கம் 1982 இல் டாம் பீட்டர்சும் ராபர்ட் வாட்டர்மனும் எழுதிய நூல் வழியாகப் பரவலாக அறியப்பட்டது. டொயோட்டா நிறுவனத்திலும் சிக்கலை அது நிகழும் இடத்திலேயே சென்று காண்பது ஒரு கொள்கை.

பின்னூட்டம்

பின்னூட்டம் எப்போதும் நன்மை தரும் என்ற எண்ணம் தவறானது. 1996 இல் அவ்ரகாம் குளூகர், ஏஞ்செலோ டெனிசி ஆகியோர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பகுத்தாய்ந்தனர். சராசரியாகப் பின்னூட்டம் செயல்திறனைக் கூட்டியபோதும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்தது. கவனம் பணியிலிருந்து விலகி ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம்.

இதன்படி "நீங்கள் பொறுப்பில்லாதவர்" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. "இம்மாதம் மூன்று முறை அறிக்கை ஒரு நாள் தாமதமாக வந்தது. அதனால் கொள்முதல் பிரிவினர் காத்திருக்க நேர்ந்தது. எங்கே தடை ஏற்படுகிறது?" என்பது நிகழ்ந்தது, விளைவு, கேள்வி ஆகியவற்றைக் கொண்டது. முன்னதற்குத் தற்காப்பைத் தவிர வேறு விடை இல்லை. பின்னதற்கு விடையாக ஒரு காரணம் கிடைக்கலாம். அக்காரணம் மேலாளர் அறியாத ஒன்றாகவும் இருக்கலாம். பாராட்டும் இவ்வாறே குறிப்பாக இருக்கும்போது, எதைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பது பணியாளருக்குத் தெரிகிறது.

கூட்டங்கள்

கூட்டத்தில் மேலாளர் முதலில் தம் கருத்தைக் கூறிவிட்டால் பிறர் அதையொட்டியே பேசுவர். பிரித்தானிய மரபைப் பின்பற்றும் படைத்துறை நீதிமன்றங்களில் இளநிலை உறுப்பினர் முதலில் தம் முடிவைக் கூறும் வழக்கம் இதைத் தவிர்க்கவே ஏற்பட்டது. பணியிடக் கூட்டங்களிலும் இளையோரை முதலில் பேசவைத்தல், பேசுவதற்கு முன் கருத்துகளை எழுதச் செய்தல், "இத்திட்டம் தோல்வியடைந்தால் அதற்கு எது காரணமாக இருக்கும்?" என்று வெளிப்படையாகக் கேட்டல் ஆகியன மாற்றுக் கருத்தை வெளிக்கொணர உதவுகின்றன.

நிறுத்தும் உரிமை

டொயோட்டா தொழிற்சாலைகளில், குறை ஒன்றைக் காணும் தொழிலாளர் எவரும் கயிற்றை இழுத்து அல்லது பொத்தானை அழுத்திக் குழுத் தலைவரை அழைக்கலாம். இவ்வமைப்பு அந்தோன் எனப்படுகிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் சிக்கல் தீராவிட்டால் உற்பத்தித் தொடர் நின்றுவிடும். நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியைச் சக்கிச்சி டொயோடா உருவாக்கியதில் இச்சிந்தனையின் வேர் உள்ளது. குறையைச் சொல்லும் துணிவைத் தனி ஆளின் பண்பாக விட்டுவிடாமல், அதனை அன்றாடப் பணியின் ஒரு பகுதியாகவே ஆக்குவது இதன் சிறப்பு.

கெட்ட செய்தியைப் பெறுதலும் சொல்லுதலும்

கெட்ட செய்தி வந்த முதல் சில நிமிடங்களில் மேலாளர் நடந்துகொள்ளும் முறையைக் குழு முழுவதும் கவனிக்கிறது. உடனே "யார் செய்தது?" என்று கேட்பது, அடுத்த செய்தி தாமதமாக வருவதற்கே வழிவகுக்கும். என்ன நடந்தது, இப்போது என்ன தேவை என்பவற்றை முதலில் கேட்டு, காரணத்தைப் பின்னர் ஆராய்வது பரிந்துரைக்கப்படுகிறது.

மேலாளரே கெட்ட செய்தியைச் சொல்ல நேரும்போது விளக்கமும் முறையும் விளைவை மாற்றுகின்றன. 1990 இல் செரால்டு கிரீன்பர்க் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே நிறுவனத்தின் இரு தொழிற்சாலைகளில் ஊதியம் தற்காலிகமாக 15 விழுக்காடு குறைக்கப்பட்டது. காரணத்தை விரிவாகவும் வருத்தத்துடனும் விளக்கிய தொழிற்சாலையைவிட, சுருக்கமாக அறிவித்த தொழிற்சாலையில் பொருள் திருட்டு கூடுதலாக இருந்தது.

தோல்வியில் பொறுப்பேற்றல்

1979 ஆகத்து 10 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் எசு.எல்.வி-3 ஏவுகலம் தோல்வியடைந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் இராமேசுவரத்தைச் சேர்ந்த ஆ. ப. செ. அப்துல் கலாம். அன்று செய்தியாளர்களைச் சந்தித்த இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் சதீசு தவான், தோல்விக்குத் தாமே பொறுப்பேற்று, தம் குழுவின் மீது நம்பிக்கை தெரிவித்தார். 1980 சூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தியாளர்களைச் சந்திக்கும்படி கலாமிடம் அவர் கூறினார். பின்னாளில் குடியரசுத் தலைவரான கலாம், தலைமைத்துவம் பற்றிய தம் உரைகளில் இந்நிகழ்வைப் பலமுறை எடுத்துரைத்தார். தோல்விக்குப் பின் தண்டிக்கப்படாத குழு, பிழையின் காரணத்தை மறைக்கத் தேவையில்லை என்பதால் இந்நிகழ்வு தொடர்பாடல் நோக்கிலும் முதன்மை பெறுகிறது.

ஊடகத் தேர்வு

1986 இல் ரிச்சர்டு டாஃப்ட், ராபர்ட் லெங்கல் ஆகியோர் விளக்கிய ஊடகச் செறிவுக் கோட்பாட்டின்படி, பலவாறு பொருள்கொள்ளத்தக்க செய்திக்கு நேர்ப்பேச்சும், தெளிவான வழமைச் செய்திக்கு எழுத்தும் பொருந்தும். ஒருவரைக் கண்டிப்பதையோ கருத்து வேறுபாட்டைத் தீர்ப்பதையோ மின்னஞ்சலிலும் கைபேசிச் செய்தியிலும் செய்வது தவறான புரிதலுக்கு இடமளிக்கும். மாறாக, நாள், அளவு, பொறுப்பு ஆகியவற்றைப் பேசி முடித்தபின் எழுத்தில் உறுதிசெய்வது நலம்.

பண்பாடும் மொழியும்

நெதர்லாந்தைச் சேர்ந்த கேர்ட் ஒவ்சுடெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டுப் பணியாளர்களிடம் திரட்டிய தரவுகளைக் கொண்டு 1980 இல் 'அதிகாரத் தொலைவு' என்ற அளவீட்டை வெளியிட்டார். அதிகாரம் சமமின்றிப் பகிரப்படுவதைக் கீழ்நிலையில் உள்ளோர் எந்த அளவு இயல்பாக ஏற்கின்றனர் என்பதை இது குறிக்கிறது. இதில் இந்தியா 77, அமெரிக்கா 40, டென்மார்க் 18 புள்ளிகள் பெற்றன. ஒரு நாட்டினர் அனைவரையும் ஓர் எண்ணால் குறிப்பதைப் பலர் விமர்சித்துள்ளனர்.

தமிழ்நாட்டுப் பணியிடங்களில் மேலாளரை 'சார்', 'மேடம்' என்று விளிப்பது பரவலான வழக்கம். மேலாளரின் கேள்விக்குச் "சரி சார்" என்று விடையளிப்பது உடன்பாட்டையும் குறிக்கலாம், மரியாதையை மட்டும் குறிக்கலாம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் உண்டு. எனினும் விளிக்கும் முறை மாறுவதால் மட்டும் அதிகாரத் தொலைவு குறைந்துவிடுவதில்லை. மரியாதையைக் குலைக்காமலே ஐயத்தைச் சொல்ல வழி வகுப்பதே இங்கு தேவைப்படுகிறது.

மொழியும் ஒரு தடையாக அமையலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாதுகாப்பு அறிவிப்பு தமிழ் மட்டுமே அறிந்தவருக்குப் பயன்படாது. அவ்வாறே, திருப்பூர் போன்ற தொழில் நகரங்களில் பணிபுரியும் வட, கிழக்கு மாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு மட்டும் போதாது. ஆபத்தைச் சொல்லத் தேவையான சில சொற்களையாவது மேற்பார்வையாளரும் தொழிலாளரும் பொதுவாக அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பரவலான தவறான கருத்துகள்

* தொடர்பாடலில் சொற்களின் பங்கு 7 விழுக்காடு, குரலின் பங்கு 38 விழுக்காடு, முகபாவத்தின் பங்கு 55 விழுக்காடு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுவதுண்டு. ஆல்பர்ட் மெகராபியன் 1967 இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து இவ்வெண்கள் பெறப்பட்டன. அவ்வாய்வுகள் தனிச் சொற்களையும் விருப்பு, வெறுப்பு உணர்ச்சிகளையும் மட்டுமே கருத்திற் கொண்டவை. எல்லாத் தொடர்பாடலுக்கும் இவ்வெண்கள் பொருந்தா.
* "என் அறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது" என்று அறிவித்தால் போதும் என்பது மற்றொரு கருத்து. அக்கதவுக்குள் நுழையும் துணிவைப் பணியாளரே திரட்ட வேண்டியிருப்பதால், மேலாளர் தாமே சென்று கேட்பதற்கு இது ஈடாகாது.
* சிக்கலைத் தீர்வோடு மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற விதி சில அலுவலகங்களில் உண்டு. தாமே சிந்திக்கும் பழக்கத்தை இது வளர்க்கலாம். ஆனால் தீர்வு தெரியாத, மிகக் கடுமையான சிக்கல்கள் சொல்லப்படாமலே போவதற்கும் இது காரணமாகலாம்.

விமர்சனங்களும் வரம்புகளும்

தொடர்பாடலை மேம்படுத்தும் வழிமுறைகள் வெறும் சடங்காக மாறும் இடர் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் அறுவை மருத்துவப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. அறுவைக்கு முன் குழுவினர் தம் பெயரையும் பொறுப்பையும் கூறி அறிமுகம் செய்துகொள்வது அதில் ஓர் அங்கம். புது தில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்து 2009 இல் வெளியான ஆய்வில் இறப்பு வீதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் இப்பட்டியல் நடைமுறைக்கு வந்தபின் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை என்று 2014 இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. கட்டத்தில் குறியிடுவதும் உண்மையில் பேசிக்கொள்வதும் ஒன்றல்ல என்பது இவ்வேறுபாட்டுக்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

மேலும், தொடர்பாடலால் எல்லாப் பணியிடச் சிக்கல்களையும் தீர்க்க இயலாது. ஆட்பற்றாக்குறை, குறைந்த ஊதியம், பாதுகாப்பற்ற இயந்திரம் ஆகியவற்றுக்கு இனிய சொல் மாற்றாகாது. ஆல்பர்ட் இர்ச்மன் 1970 இல் எழுதியதுபோல, நிறைவில்லாதவர் ஒன்று குரல் எழுப்புவார் அல்லது விலகிச் செல்வார். குரலுக்குப் பயனில்லாத இடத்தில் விலகலே எஞ்சுகிறது. வேலையை விட முடியாத நிலையில் உள்ளவரோ மௌனமாகவே இருப்பார். எனவே கேட்பதோடு நில்லாமல், கேட்டதன் அடிப்படையில் எதையேனும் மாற்றும் அதிகாரமும் மேலாளருக்குத் தேவை. அவ்வதிகாரத்தை அவருக்கு அளிப்பது அவருக்கு மேலுள்ளோரின் பொறுப்பு ஆகும்.

இவற்றையும் பார்க்க

* மேலாண்மை
* தலைமைத்துவம்
* நிறுவன உளவியல்
* குழு வள மேலாண்மை
* செவிமடுத்தல்